கரையில் நின்று படிக்கிற கடல்

நம்மவர்களுக்குக் கடல் என்றால் காற்று வாங்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்ப சமேதராய்ப் போய், முழங்கால் வரைக்கும் நனைத்துக்கொண்டு, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலைத் தின்றுவிட்டு, பொட்டலக் காகிதத்தை மணலிலேயே போட்டுவிட்டுத் திரும்புகிற இடம். அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிக்கிற இடம். ஐந்து திணைகளில் ஒன்றைக் கடலுக்கென்றே எழுதிவைத்த பரம்பரை நாம் என்று மேடையில் முழங்குவோம். நெய்தலின் கருப்பொருள் என்ன என்று பரீட்சையில் கேட்டால் இரண்டு மார்க்குக்குப் பதிலும் எழுதுவோம். ஆனால் வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ, "நான் மேல்படிப்புக்குக் கடலியல் எடுத்துக்கொள்ளப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று குடும்பமே கூடி உட்கார்ந்து கவலைப்படும்.

இந்தக் கவலையைப் பற்றித்தான் நான் இங்கே சண்டை போட வந்திருக்கிறேன். பெற்றோரோடு மட்டும் அல்ல. பெற்றோர் அப்படிக் கவலைப்படும்படி வைத்திருக்கிற சர்வகலாசாலைகளோடும் சர்க்காரோடும் சேர்த்து.

முதலில் ஒரு கட்சிக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "கடலைப் படிக்க நம் ஊரில் இடம் ஏது ஸார்? அதற்கெல்லாம் அமெரிக்கா போக வேண்டும்" என்று சொல்லுகிறவர் அவர். இடமா இல்லை? அண்ணாமலை சர்வகலாசாலையின் விலங்கியல் பேராசிரியராக இருந்த ஆர்.வி. சேஷய்யா பாடுபட்டு வளர்த்த கடல்வாழ் உயிரியல் நிலையம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கரையில் இருக்கிறது. 1963ல் அதை உயர்நிலை ஆய்வு மையமாகப் பல்கலைக் கழக மானியக் குழு அங்கீகரித்தது. ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், கூப்பிடு தூரத்தில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. உலகத்தில் எத்தனை மாணவனுக்கு இப்படி ஒரு வகுப்பறை கிடைக்கும்?

இன்னும் சொல்லுகிறேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல் ஆரம்பமாயிற்று. 1949 முதல் 1971 வரைக்கும் அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் மண்டபத்துக் கிளை நடந்துகொண்டிருக்கிறது. தொண்டியில் அழகப்பா சர்வகலாசாலைக்குக் கடலியல் துறை உண்டு. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் உள்ள சர்வகலாசாலைக்கு ஒரு கடல் மையம் உண்டு. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 2012ல் மீன்வளத்துக்கென்றே ஒரு சர்வகலாசாலை வந்தது. சென்னையில் 1993ல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிலையம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள ராஜ்யம் இது. ஆகவே இடம் இல்லை என்று சொல்லுகிறவர் சோம்பேறி, விசாரிக்காமல் பேசுகிறவர்.

"அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? உமக்கு என்ன வழக்கு?" என்று இப்போது இன்னொரு கட்சிக்காரர் எழுந்திருப்பார். அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு விழாவில் சிறப்புரை ஆற்றுகிறவராக இருப்பார். "இளைஞர்களுக்குக் கடல் போன்ற வாய்ப்புகள் காத்திருக்கின்றன" என்று அவர் பேசுவார். அந்த வாய்ப்பு என்னவென்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று அவரை அழைக்கிறேன்.

ஒரு படிப்பில் வாய்ப்பு இருக்கிறது என்றால் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். உள்ளே போக வழி இருக்க வேண்டும். உள்ளே போனபின் படிக்கிற பொருளைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் வசதி இருக்க வேண்டும். படித்து முடித்து வெளியே வந்தால், படித்ததைச் செய்கிற வேலை இருக்க வேண்டும். நாற்காலிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு அதை வாய்ப்பு என்று சொல்லுவது, இலை போட்டதையே விருந்து என்று சொல்லுவது மாதிரி.

கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்த பையனுக்கு என்ன உத்தியோகம்?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989ல் அந்தப் பிரதேசத்தை உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆக்கினார்கள். பவளப் பாறையும் கடற்புல்லும் ஆவுளியாவும் உள்ள இடம். இதை நிர்வகிப்பது யார்? வனத்துறை. கடலுக்கு நடுவே இருக்கிற பூங்காவுக்கு வனத்துறை காவல் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, யாராவது காக்கட்டும். ஆனால் அந்தத் துறையின் மேல் பதவிக்கு ஆள் எடுக்கிற இந்திய வனப் பணித் தேர்வின் தகுதிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கால்நடை மருத்துவம் இருக்கிறது, தாவரவியல் இருக்கிறது, இரசாயனம், நிலவியல், கணிதம், பௌதிகம், புள்ளியியல், விலங்கியல் எல்லாம் இருக்கின்றன. விவசாயம், வனவியல், எஞ்சினீயரிங் பட்டமும் செல்லும். கடலியல் என்ற சொல் இல்லை. சுற்றுச்சூழல் விஞ்ஞானம் என்ற சொல்லும் இல்லை. கணக்குப் படித்தவன் பவளப் பாறையைக் காக்கலாம். இளங்கலையிலேயே சுற்றுச்சூழலையோ கடலையோ எடுத்துப் படித்தவன் விண்ணப்பம்கூடப் போட முடியாது! இந்த விசித்திரத்தை ஒரு நாவலில் எழுதினால் விமரிசகர்கள், "ஆசிரியர் மிகைப்படுத்துகிறார்" என்பார்கள்.

ஆசிரியர் வேலை இருக்கிறதே என்பீர்கள். அதையும் பார்ப்போம். மாணவர்களுக்குச் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ல் சொல்லிற்று. பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, 2003ல் மறுபடியும் நீதிமன்றம் முறைத்த பிறகு, எல்லாப் பட்டப் படிப்பிலும் அந்தப் பாடம் ஏறிற்று. நம் ஊரில் பி.காம். படிக்கிறவனும் பி.ஏ. சரித்திரம் படிக்கிறவனும் சுற்றுச்சூழல் பரீட்சை எழுதித்தான் பட்டம் வாங்குகிறான். அப்படியென்றால் எத்தனை கல்லூரி, எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் வேண்டும்! சுற்றுச்சூழலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பொற்காலம் பிறந்திருக்க வேண்டாமா? பிறக்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் வேறு துறை ஆசிரியர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணி கூடுதலாகக் கட்டி, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் பாவம், உரைநூல் ஒன்றை வாங்கி, முதல் நாள் ராத்திரி படித்து, மறுநாள் ஒப்பிக்கிறார். உயிரோடு இருக்கிற ஒரு சாஸ்திரத்தை, எல்லாரும் பாஸ் செய்கிற பாடமாக்கிக் கொன்றுவிட்டோம்.

இனி மிச்சம் இருக்கிற ஒரு வேலையைச் சொல்லுகிறேன். சொல்லவே நாக்கூசுகிறது. ஒரு துறைமுகமோ, அனல்மின் நிலையமோ, இரசாயன ஆலையோ கடற்கரையில் வர வேண்டுமென்றால், அதனால் சூழலுக்கு என்ன கேடு வரும் என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். 1994ல் ஓர் அறிவிக்கை வந்தது. 2006ல் அதை மாற்றி இன்னொன்று வந்தது. அறிக்கையை எழுதுகிற ஆலோசனைக் கம்பெனிக்குக் கூலி கொடுப்பவர் யார் தெரியுமா? ஆலையைக் கட்டப் போகிற முதலாளிதான்! பெண் பார்க்கப் போகிற தரகருக்கு மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்து, "பையனைப் பற்றி உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வது மாதிரியான ஏற்பாடு இது. கடலைப் படித்த பிள்ளைக்கு இந்தக் கம்பெனியில் சம்பளம் கிடைக்கும். ஐந்து வருஷம் உயிர்களின் பெயரைப் படித்துவிட்டு, அந்த இடத்தில் குறிப்பிடத்தக்க உயிர் எதுவும் இல்லை என்று எழுதக் கூலி! நேர்மையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேர்மை ஒருவனுடைய தனிப்பட்ட தைரியமாக இருக்கிற வரைக்கும் அது ஒரு தொழில் அல்ல, தியாகம். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் தியாகத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"கடலைப் படித்தவனுக்கு இந்த நாட்டில் வேலை இல்லை" என்று சொல்லுகிறவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது, பதவிதான் இல்லை. இரண்டும் வேறு வேறு.

2017 ஜனவரி 28ந்தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசிந்து கரைநெடுக அப்பியது. என்ன செய்தோம்? வாளி எடுத்தோம். ராக்கெட் விடுகிற தேசம், கல்லூரிப் பையன்களையும் தொழிலாளர்களையும் கரையில் நிறுத்தி, கறுத்த சேற்றை வாளி வாளியாக அள்ளச் செய்தது. சரி, முதல் தடவை, தெரியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அப்போதும் மீனவர்கள் படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். ஏழு வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டது வாளியிலிருந்து குவளைக்கு இறங்கியதுதான். ஒவ்வொரு கடற்கரை ஜில்லாவிலும் கடலைப் படித்த ஓர் அதிகாரி, அவருக்கு ஒரு படகு, ஒரு சிறு சோதனைச்சாலை, கையில் ஒரு திட்டம் இருந்தால் இப்படி நடக்குமா? ஜில்லாவுக்கு ஜில்லா விவசாய அதிகாரி இருக்கிறார். நிலத்தின் மண்ணைப் பரிசோதிக்க ஆள் இருக்கிறது. தண்ணீரில் பிழைக்கிறவனுக்குத் தண்ணீரைப் பரிசோதித்துச் சொல்ல அப்படி ஓர் ஆள் வேண்டாமா?

அடுத்தது, உள்ளே போய்ப் படிக்கிற விதம். எனக்கு ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். தகப்பனார் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். கடல் உயிரியல் படிக்க ஆசை. "பி.எட். முடித்தால் நாளைக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்காரலாம், கடலைப் படித்துக் கருவாடு விற்கப் போகிறாயா என்று தாய்மாமன் கேட்கிறார், அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்" என்று எழுதியிருந்தாள். கடிதத்தில் என்னை உறுத்தியது தாய்மாமனின் கேலி இல்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "மூன்று வருஷம் விலங்கியல் படித்தேன் ஐயா, கல்லூரியில் ஒரு தடவைகூட எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போகவில்லை. நட்சத்திர மீனைப் பாட்டிலில்தான் காட்டினார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அது உயிரோடு கிடக்கும்."

கூலிப் படகுக்காரர் மகள் மூன்று வருஷம் கடலைப் பாட்டிலில் பார்த்தாள்! அந்தக் கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். அது ஒரு கல்லூரியின் கதை இல்லை. 2021ல் ஆழ்கடல் திட்டம் என்று 4,077 கோடி ரூபாய்க்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப, சென்னை நிலையத்தில் 'மத்ஸ்யா 6000' என்று ஒரு நீர்மூழ்கி உருவாகிறது. எனக்குப் பெருமைதான். ஆனால் ஆறாயிரம் மீட்டருக்கு மூன்று பேரை இறக்கத் துணிந்தவர்கள், முப்பது மாணவர்களை ஆறு மீட்டருக்கு இறக்க ஒரு படகு வாடகையை ஏன் யோசிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. கோபுரத்துக்குத் தங்கக் கலசம் வைக்கிறவர்கள் கொத்தனாருக்குக் கூலி தர மறுத்தால் கோபுரம் எங்கே நிற்கும்?

அந்தப் பெண்ணைப் படகில் ஏற்றுவார்களா என்பது வேறு ஒரு கேள்வி. "பொம்பளைப் பிள்ளை கப்பலில் போய் ராத் தங்குவதா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சில பேர் பேராசிரியர் நாற்காலியிலும் இருக்கிறார்கள். 1983ல் புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்க்டிகாப் பயணத்தில் கடலியலாளர் அதிதி பந்த்தும் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தாவும் போய், உறைபனிக் கண்டத்தில் வேலை செய்துவிட்டு வந்தார்கள். அண்டார்க்டிகாவில் கெடாத பெண்ணின் மானம் பாம்பனில் கெட்டுவிடுமா?

மூன்றாவது, உள்ளே போகிற வழி. ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் உதவித் தொகை வேண்டும். இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய் கொடுக்கிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தொகை. ஒரு குடும்பமே தலைதூக்கலாம். ஆனால் அதற்கான விஞ்ஞானத் தேசியத் தேர்வின் கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும் இருக்கும். ஹிந்தி பேசுகிற ஊர்ப் பிள்ளை தாய்மொழியில் கேள்வியைப் படிக்கலாம். ராமேசுவரத்துப் பிள்ளை படிக்கக் கூடாது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடல் உயிரியல் படித்தவன் பெரும்பாலும் பொது உயிரியல் தாளைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதில் கடலை வலை போட்டுத் தேட வேண்டும். படித்தது ஒன்று, பரீட்சை ஒன்று, பாஷை ஒன்று. இந்த மூன்று சல்லடையிலும் சலித்தபிறகு மிஞ்சுகிறவன் யார் என்று பாருங்கள்: கடலை ஒருநாளும் பார்க்காவிட்டாலும் பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன்.

இந்த இடத்தில் நம் கவிஞர்கள் குறுக்கே வருவார்கள். "மீனவனுக்குத் தெரியாததையா விஞ்ஞானி சொல்லிவிடப் போகிறான்? கச்சானும் கொண்டலும் வாடையும் சோழகமும் அவன் தோலுக்குத் தெரியும். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலைக்கயிற்றைத் தொட்டே சொல்லுவான். அவனுக்கு எதற்குப் பட்டம்?" இது கேட்க இனிமையாக இருக்கும். எனக்கு இந்த இனிமையில் நம்பிக்கை இல்லை. மீனவனின் அறிவு அறிவுதான். அதை நான் எந்தச் சபையிலும் சாதிப்பேன். ஆனால் கலெக்டர் ஆபீசில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவன் எழுந்து, "இந்தப் பாரில் மீன் இல்லாமல் போய்விட்டது" என்று சொன்னால் அது 'கருத்து'. கழுத்துப்பட்டி கட்டிய ஆலோசகர் எழுந்து, "பாதிப்பு மிகக் குறைவு" என்று சொன்னால் அது 'தரவு'. மீனவனைப் புகழ்ந்துவிட்டு அவன் பிள்ளைக்குப் பட்டம் வேண்டாம் என்கிறவர், அவன் என்றைக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்தான்.

படிப்பு எப்படி ஏழைக்குச் சாட்சி சொல்லும் என்பதற்குப் பிச்சாவரமே உதாரணம். அங்கே சுரபுன்னைக் காடு அழிந்துகொண்டு வந்தது. விறகு வெட்டுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் அழிக்கிறார்கள் என்பதுதான் வழக்கமான குற்றச்சாட்டு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது வேறு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மொட்டையடித்து வெட்டி வந்தது வன நிர்வாகம். வெயில்பட்ட ஈரமண் காய்ந்து, அமிழ்ந்து, பள்ளமாயிற்று. பள்ளத்தில் தங்கிய ஓதநீர் வெளியேற வழியில்லாமல் வற்றி, உப்பு ஏறி, செடி முளைக்காமல் போயிற்று. நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது. மீன்முள் மாதிரி கிளைக் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் போய்வர வழிசெய்து, கன்று நட்டார்கள். காடு திரும்பி வந்தது. வெட்டினதும் ஊர்க்காரர்கள்தான், நட்டதும் ஊர்க்காரர்கள்தான். ஆனால் அவர்கள் தலையில் இருந்த பழியை இறக்கியது மண்ணின் உப்பை அளந்த ஒரு படிப்பு. சிதம்பரத்தின் தல விருட்சமான தில்லையே ஓர் அலையாத்தி மரம் என்று எத்தனை பக்தர்களுக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அந்தக் காட்டுக்கு இவ்வளவு கேடு வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

அந்தக் காட்டைப் பற்றியே இன்னொரு சம்பவம். 2004 டிசம்பர் 26ந்தேதி ஆழிப்பேரலை வந்தது. மறுவருஷமே, அலையாத்திக் காடு இருந்த இடத்தில் சாவு குறைந்தது என்று, 18 குப்பங்களை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் எழுதினார்கள். உலகம் கவனித்தது. 2006ல் வேறு சில விஞ்ஞானிகள் அதே கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்து, ஊரின் மேடும் கடலிலிருந்து அதன் தூரமும்தான் பெரும்பாலும் காரணம், காட்டின் பங்கு அவ்வளவு இல்லை என்று மறுத்தார்கள். யார் சொல்லுவது சரி? இதை ஏதோ பண்டிதர் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த அலைக்கு முன்னால், குப்பத்துக்கு முன்னே மரம் நடுவதா, குப்பத்தையே மேட்டுக்கு மாற்றுவதா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கான உயிர் இதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்ல ஐம்பது அறுபது மாணவர்கள் வருஷக் கணக்கில் கரையில் அளந்துகொண்டிருக்க வேண்டும். அவர்களைத்தான் நாம் பி.எட். படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

குறை சொல்லிக்கொண்டே போவது சுலபம். என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பழைய சரித்திரம் ஒன்று சொல்லுகிறேன். 1870களில் ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டினார். நடத்தப் பணம் வேண்டும். அவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். மேஜையை வாடகைக்கு விட்டார்! ஒரு சர்வகலாசாலையோ ஒரு சர்க்காரோ வருஷ வாடகை கட்டினால், அவர்கள் அனுப்புகிற ஆராய்ச்சியாளனுக்கு ஒரு மேஜை, தண்ணீர்த் தொட்டி, அன்றன்றைக்குப் பிடித்த உயிரினங்கள், புத்தகசாலை எல்லாம் உண்டு. ஐரோப்பா முழுவதும் அங்கே வந்து படித்தது. பெண்களுக்கு அந்த வசதி சுலபமாய்க் கிடைக்கவில்லை என்று கண்டு, 1890களின் கடைசியில் அமெரிக்கப் பெண்கள் சங்கம் கூடிப் பணம் திரட்டி, பெண்களுக்கென்றே ஒரு மேஜையை எடுத்தார்கள்.

நம்மால் முடியாதா? குருசடைத் தீவில் ஒரு காலத்தில் பல கல்லூரி மாணவர்கள் வந்து உயிரினங்களைப் பார்த்துப் படித்தார்கள். அந்தத் தீவின் உயிர்களைப் பற்றி 1927ல் சென்னை அருங்காட்சியகம் ஒரு பெரிய வெளியீடே கொண்டுவந்தது. பழக்கம் நமக்குப் புதிதல்ல. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் மேஜைகளுக்குப் பெயர் வைக்கட்டும். ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு மீனவர் கூட்டுறவுச் சங்கமும், மீனை ஏற்றுமதி செய்து சம்பாதிக்கிற ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மேஜைக்கு வருஷ வாடகை கட்டட்டும். அந்த மேஜையில் உட்காருகிற பிள்ளை கடற்கரைக் கிராமத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும். மாதத்தில் நாலு நாள் அந்தப் பிள்ளை படகில் போக வேண்டும். அந்தப் படகின் சொந்தக்காரருக்கு, சர்வகலாசாலை ஆசிரியருக்குக் கொடுக்கிறது போலவே, கற்பித்த கூலி கொடுக்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தைத் தமிழில் எழுதலாம் என்று ஒரு வார்த்தை உத்தரவு போட வேண்டும். நீவாடு என்று எழுதினால் மார்க் குறையக் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது இரண்டே காரியம். கடற்கரை ஜில்லா ஒவ்வொன்றிலும் கடலியல் படித்த ஓர் அதிகாரியையும் அவருக்கு உதவியாக நாலு பேரையும் நியமிக்க வேண்டும். சுற்றுச்சூழல் பாடத்தை அதைப் படித்தவர்தான் நடத்த வேண்டும் என்று கல்லூரிகளுக்குச் சொல்ல வேண்டும். திட்ட அறிக்கைக்கான கூலியை முதலாளியிடமிருந்து வாங்கி, பொது நிதியில் போட்டு, அங்கிருந்து ஆய்வாளருக்குக் கொடுக்கலாம் என்று மூன்றாவதாக ஒன்று சொல்ல ஆசை. அதைச் சொன்னால் நான் கற்பனை எழுதுகிறவன் என்ற பெயர் ஊர்ஜிதமாகிவிடும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். ஆழ்கடலின் அடியில் கிடக்கிற உலோக உருண்டைகளை எடுக்கப் பணம் இருக்கிறது. கடற்கரையை அழகுபடுத்தக் கல் பெஞ்சு போடப் பணம் இருக்கிறது. ஐம்பது பிள்ளைகளுக்குப் பதவி கொடுக்க மட்டும் கஜானா காலியாகிவிடுமா?

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் எழுதினேன். வீட்டாரை எதிர்த்துப் போ என்று எழுதவில்லை. அப்படி எழுதுவது எழுத்தாளனுக்குச் சுலபம், அவளுக்குச் சுலபமில்லை. விண்ணப்பம் போடும்படியும், தகப்பனாரிடம் ஒரு தடவை நேராகக் கேட்கும்படியும் எழுதினேன். வாய் திறக்காத அந்த மனிதர் இத்தனை வருஷம் கடலில் எதையெல்லாம் பார்த்தார் என்று யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். அவளே முதலில் கேட்கட்டும். அதற்குமேல் அவளுக்குச் செய்ய வேண்டியது அவள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அது, இதைப் படித்துக்கொண்டிருக்கிற கல்லூரி நிர்வாகிகள், சட்டசபை உறுப்பினர்கள், சங்கத் தலைவர்கள், பெண்ணையும் பையனையும் பெற்றவர்கள் ஆகிய உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த எண்ணெய் கசிகிற அன்றைக்கு வாளியைத் தேடாதீர்கள்; இன்றைக்கே ஒரு மேஜையைத் தேடுங்கள்.